முதலில் மீட்டுப் பாருங்கள்: அமேசான் ஆர்டிஎஸ் தரவுத்தளமும் அதன் காப்புநகல்களும் – ஒரு முழுமையான வழிகாட்டி

கிளவுடில் நிர்வகிக்கப்படும் தரவுத்தளத்தை வாடகைக்கு எடுப்பவர்களில் பலர், காப்புநகல் பற்றிய கவலையையும் சேர்த்தே நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். அது பாதி உண்மைதான். குறித்த நேரத்தில் நகலை எடுத்துப் பத்திரமாக வைப்பது அவர்கள் வேலை. எத்தனை நாள் வைக்க வேண்டும், எங்கே வைக்க வேண்டும், யார் கையில் அதன் சாவி இருக்க வேண்டும் என்று முடிவு செய்வதும், தேவைப்படும் நாளில் அதிலிருந்து தரவை மீட்டு, ஓடிக்கொண்டிருக்கும் செயலியோடு மறுபடி இணைப்பதும் நம் வேலை. அந்த இரண்டாவது பாதியைப் பெரும்பாலோர் விபத்து நடந்த பிறகே முதன்முறையாகச் செய்து பார்க்கிறார்கள்.

இந்த வழிகாட்டி, தரவுத்தளங்களை வாடகைக்குத் தரும் அமேசான் ஆர்டிஎஸ் சேவையில், மும்பைப் பகுதியில் (பகுதி என்பது அமேசானின் தரவு மையங்கள் உள்ள வட்டாரம்), போஸ்ட்கிரஸ் என்ற மென்பொருளில் ஒரு தரவுத்தளத்தை உருவாக்குவதை எடுத்துக்கொள்கிறது. ஆர்டிஎஸ் 2009-இல் மைஎஸ்க்யூஎல் என்ற மற்றொரு தரவுத்தள மென்பொருளோடு தொடங்கியது. போஸ்ட்கிரஸ் 2013-இல் சேர்ந்தது. கூகுளிடமும் மைக்ரோசாப்டிடமும் இதே வகைச் சேவைகள் உண்டு. பொத்தான்களின் பெயர்கள் மாறும், அடிப்படை மாறாது. எடுத்துக்காட்டாக, மொத்த வியாபாரக் கடை ஒன்று வாடிக்கையாளர்களிடம் ஆர்டர் வாங்கும் சிறிய செயலியை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். உண்மையான தரவு ஒரு வரிகூட ஏறுவதற்கு முன்பே மீட்பை ஒருமுறை செய்து பார்த்துவிட வேண்டும் என்பதால், படிகளையும் அந்த வரிசையிலேயே அமைத்திருக்கிறேன்.

1. கன்சோலைத் திறப்பதற்கு முன் இரண்டு கேள்விகள்

கடை முதலாளியிடம் போய் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். ஒரு விபத்து நடந்தால் கடைசி எத்தனை நிமிட ஆர்டர்கள் போனாலும் சமாளிக்க முடியும்? எத்தனை மணி நேரம் செயலி நின்றாலும் வியாபாரம் தாங்கும்? "ஒன்றுமே போகக் கூடாது, ஒரு நிமிடமும் நிற்கக் கூடாது" என்ற பதில்தான் முதலில் வரும். அதற்கு ஆகும் மாதச் செலவைச் சொன்னதும் பதில் நியாயமான எல்லைக்கு இறங்கிவரும்.

ஆர்டிஎஸ், தரவில் நடக்கும் மாற்றங்களைக் குறித்து வைக்கும் பரிவர்த்தனைப் பதிவுகளை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எஸ்3 என்ற அமேசானின் கோப்புச் சேமிப்பகத்துக்கு அனுப்புகிறது. ஆகவே முதல் கேள்விக்கு, காப்புநகலை மட்டும் நம்பி ஐந்து நிமிடத்துக்குக் குறைவான எண்ணை வாக்குறுதியாகத் தர முடியாது. இரண்டாவது கேள்விக்கான விடை தரவின் அளவையும் உங்கள் பழக்கத்தையும் பொறுத்தது. அதை ஊகிக்காதீர்கள், ஆறாவது படியில் கடிகாரத்தை வைத்து அளக்கப் போகிறோம்.

2. கணக்கைச் சீர்செய்தல்

அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸில் உங்கள் கணக்கின் மூலப் பயனருக்கு (முழு அதிகாரமுள்ள முதல் பயனர்) இருபடி உறுதிப்பாட்டை வைத்துவிட்டு, அன்றாட வேலைக்குத் தனிப் பயனரை உருவாக்கிக்கொள்ளுங்கள். பட்ஜெட்ஸ் பகுதியில் மாதச் செலவு ஒரு தொகையைத் தாண்டினால் மின்னஞ்சல் வருமாறு எச்சரிக்கை ஒன்றை அமைத்துவிடுங்கள். பிறகு கன்சோல் எனப்படும் நிர்வாக வலைப்பக்கத்தின் மேல் வலப்புறத்தில் பகுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தியாவில் மும்பைப் பகுதி 2016 முதலும் ஐதராபாத் பகுதி 2022 முதலும் இயங்குகின்றன. செயலி ஓடும் சர்வர் எந்தப் பகுதியில் இருக்கிறதோ அதே பகுதியில்தான் தரவுத்தளமும் இருக்க வேண்டும். ஒவ்வொரு வினவலும் கண்டம் தாண்டிப் போய்வந்தால் செயலி தள்ளாடும்.

3. தரவுத்தளத்தை உருவாக்குதல்

ஆர்டிஎஸ் கன்சோலில் உருவாக்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன், இடப்பக்கப் பட்டியலில் உள்ள பாராமீட்டர் குரூப்ஸ் (தரவுத்தள அமைப்பு மதிப்புகளின் குழுக்கள்) என்ற இடத்துக்குச் சென்று, நீங்கள் நிறுவப் போகும் போஸ்ட்கிரஸ் பதிப்புக்குப் புதிய குழு ஒன்றை உங்கள் பெயரில் உருவாக்குங்கள். இயல்பாக வரும் குழுவில் எந்த மதிப்பையும் மாற்ற முடியாது என்பதால், இதைத் தள்ளிப்போட்டால் பின்னால் ஒரு மறுதொடக்கம் தேவைப்படும். அந்தக் குழுவில் இப்போதைக்கு ஒரே ஒரு மாற்றம் போதும்: அட்டவணை அமைப்பை மாற்றும் கட்டளைகள் பதிவேட்டில் எழுதப்படுமாறு லாக் ஸ்டேட்மென்ட் என்ற அமைப்பை டிடிஎல் என்று வையுங்கள். யாரோ ஓர் அட்டவணையை நீக்கிவிட்ட நேரத்தைத் துல்லியமாகக் கண்டுபிடிக்க ஒருநாள் இது கைகொடுக்கும்.

இப்போது உருவாக்கும் பக்கத்துக்குச் செல்லலாம். ஈஸி கிரியேட் என்ற சுருக்கவழியை விட்டுவிட்டு முழு வழியைத் தேர்ந்தெடுங்கள். நாம் கவனிக்க வேண்டியவை எல்லாம் சுருக்கவழியில் மறைந்திருக்கின்றன. போஸ்ட்கிரஸின் ஒவ்வொரு பெரும்பதிப்புக்கும் அதன் சமூகம் ஐந்தாண்டு ஆதரவு தருகிறது. ஆர்டிஎஸ்ஸில் ஆதரவு முடிந்த பதிப்பிலேயே தங்கிவிட்டால் நீட்டித்த ஆதரவு என்ற தலைப்பில் கூடுதல் கட்டணம் பில்லில் ஏறும். எனவே வெளிவந்து ஓராண்டுக்குள் உள்ள, ஆனால் சில சிறுதிருத்தங்களைக் கண்டுவிட்ட பதிப்பை எடுப்பது என் வழக்கம்.

பிறகு வருவது கணினியின் வகை. டி4ஜி மைக்ரோ வகையில் ஒரு ஜிபி நினைவகம் கிடைக்கும். பயிற்சிக்கு அது போதும். கடையின் உண்மையான சுமைக்கு நான்கு ஜிபி தரும் மீடியம் வகையிலிருந்து தொடங்குவது நல்லது. இந்த டி வகைக் கணினிகள் தமக்குரிய அளவுக்கு மேல் தொடர்ந்து உழைத்தால் வேகம் குறையாது, மாறாக அந்தக் கூடுதல் உழைப்புக்குக் கட்டணம் சேரும் என்பதையும் மனத்தில் வையுங்கள். சேமிப்பிடத்துக்கு ஜிபி3 (gp3) என்ற வட்டு வகையில் குறைந்த அளவான 20 ஜிபியே ஆரம்பத்துக்குப் போதும். சேமிப்பிடத்தைப் பின்னால் கூட்டலாம், அதே தரவுத்தளத்தில் நேரடியாகக் குறைக்க முடியாது. "இருக்கட்டும்" என்று 500 ஜிபி வாங்கிவிட்டுப் புதிய தரவுத்தளத்துக்கு எல்லாவற்றையும் இடம்பெயர்த்தவர்கள் உண்டு. தானாக விரிவடையும் வசதியை இயக்கி, அதற்கு ஒரு மேல்வரம்பையும் குறிப்பிடுங்கள்.

மல்டி ஏஇசட் என்ற தேர்வு, வேறொரு தரவு மையத்தில் ஒரு மாற்றுக் கணினியைத் தயாராக வைத்து, முதன்மைக் கணினியில் எழுதப்படும் ஒவ்வொன்றையும் உடனுக்குடன் அதிலும் எழுதுகிறது. முதன்மைக் கணினி செயலிழந்தால் ஓரிரு நிமிடங்களில் மாற்றுக் கணினி பொறுப்பேற்கும். இதைக் காப்புநகல் என்று எண்ணுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. நிபந்தனை எழுத மறந்த ஒரு டிலீட் கட்டளையை நீங்கள் ஓட்டினால், அது மாற்றுக் கணினியிலும் அதே நொடியில் ஓடிவிடும். கணினி பழுதுக்கு மல்டி ஏஇசட். மனிதத் தவறுக்குக் காப்புநகல்.

இணைப்புப் பகுதியில் பப்ளிக் ஆக்சஸ் என்ற கேள்விக்கு இல்லை என்பதே விடை. யாரை உள்ளே விடலாம் என்று குறிக்கும் செக்யூரிட்டி குரூப் ஒன்றைத் தனியாக உருவாக்கி, போஸ்ட்கிரஸின் 5432 போர்ட்டுக்குச் செயலி சர்வரின் செக்யூரிட்டி குரூப்பிலிருந்து மட்டும் அனுமதி கொடுங்கள். வீட்டிலிருந்து வேலை செய்ய வசதியாக இருக்கட்டும் என்று உலகம் முழுவதற்கும் திறந்துவிட்டால், கடவுச்சொல்லை ஊகிக்கும் தானியங்கி நிரல்கள் விரைவிலேயே கதவைத் தட்டத் தொடங்கும்.

சாவியின்றிப் படிக்க முடியாதபடி தரவை மாற்றி வைக்கும் குறியாக்கத்தை, தரவுத்தளத்தை உருவாக்கும்போதே இயக்க வேண்டும். பிறகு நேரடியாக இயக்க வழியில்லை. ஸ்னாப்ஷாட் (தரவுத்தளம் அந்த நேரத்தில் இருந்தபடியே எடுக்கும் நகல்) எடுத்து, அதைக் குறியாக்கத்தோடு நகலெடுத்து, அதிலிருந்து புதிய தரவுத்தளத்தை உருவாக்கும் நீண்ட சுற்றுதான் மிச்சம். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. இயல்பாக முன்வைக்கப்படும் ஏடபிள்யூஎஸ் சாவியால் குறியாக்கம் செய்த ஸ்னாப்ஷாட்டை வேறொரு கணக்கோடு பகிர முடியாது. சாவிகளை நிர்வகிக்கும் கேஎம்எஸ் சேவையில் உங்களுக்கென ஒரு சாவியை முதலில் உருவாக்கி, இங்கே அதைத் தேர்ந்தெடுங்கள். எட்டாவது படியில் காரணம் புரியும்.

கடைசியில் கூடுதல் அமைப்புகள் என்று சுருட்டி வைக்கப்பட்டிருக்கும் பகுதியை விரித்துப் பாருங்கள். தரவுத்தளத்தின் முதல் பெயர், நீங்கள் உருவாக்கிய பாராமீட்டர் குழு, காப்புநகல் அமைப்புகள், நீக்கத் தடுப்பு ஆகிய அனைத்தும் அங்கேதான் இருக்கின்றன. நீக்கத் தடுப்பை இயக்கிவிடுங்கள்.

4. தக்கவைப்புக் காலமும் நேரச் சாளரமும்

தானியங்கிக் காப்புநகலின் தக்கவைப்புக் காலத்தை 0 முதல் 35 நாள் வரை வைக்கலாம். கன்சோல் வழியாக உருவாக்கினால் 7 நாளும், கட்டளை வரி வழியாக உருவாக்கினால் 1 நாளும் இயல்பாக வரும். நிரல் எழுதித் தரவுத்தளங்களை உருவாக்கும் குழுக்கள் இந்த வேறுபாட்டில்தான் சறுக்குகின்றன: ஏழு நாள் இருக்கிறது என்று நம்பியிருப்பார்கள், ஒரே நாள்தான் இருக்கும். 0 என்றால் தானியங்கிக் காப்புநகலே இல்லை. பின்னொரு நாள் அதை 1 அல்லது அதற்கு மேல் மாற்றும்போது சேவை சற்று நேரம் தடைபடவும் செய்யும்.

எத்தனை நாள் வைப்பது? தரவு கெட்டுப்போனது எத்தனை நாளில் உங்கள் கண்ணில் படும் என்பதுதான் அளவுகோல். அட்டவணையே காணாமல் போனால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் வரிக் கணக்கீட்டில் ஒரு பிழை புகுந்து தினமும் சில வரிகளைத் தவறாகத் திருத்திக்கொண்டிருந்தால், மாதக் கணக்கு முடிக்கும்போதுதான் தெரியும். மாதக் கணக்குப் பார்க்கும் எந்த வியாபாரத்துக்கும் 35 நாள் என்பதே என் பரிந்துரை.

தினசரி ஸ்னாப்ஷாட் எடுக்கப்படும் நேரச் சாளரத்தை உலகப் பொது நேரத்தில் குறிக்க வேண்டும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே இருப்பதால், அதிகாலை 2.30 மணிக்கு எடுக்க வேண்டுமென்றால் 21.00 என்று எழுத வேண்டும். இரவு இரண்டரை என்று நினைத்து 02.30 என்று எழுதினால், கடையில் கூட்டம் சேரத் தொடங்கும் காலை எட்டு மணிக்கு அது ஓடும். மல்டி ஏஇசட் இல்லாத கணினியில் அந்த வேளையில் வட்டில் எழுதும் பணி சிறிது நேரம் நின்று தொடரும். மல்டி ஏஇசட் போஸ்ட்கிரஸில் நகல் மாற்றுக் கணினியிலிருந்து எடுக்கப்படுவதால் அந்தத் தொல்லை இல்லை. பராமரிப்புச் சாளரமும் இதுவும் ஒன்றோடொன்று மோதக் கூடாது. மோதினால் கன்சோலே மறுத்துவிடும்.

5. இணைத்துப் பயனர்களைப் பிரித்தல்

சில நிமிடங்களில் தரவுத்தளம் தயாராகி, அதற்கென ஒரு முகவரி கிடைக்கும். அந்த முகவரியின் தொடக்கத்தில் நீங்கள் இட்ட பெயரே இருக்கும் என்பதைக் கவனித்து வையுங்கள். அதே வலைப்பின்னலில் உள்ள இசி2 கணினியிலிருந்து (அமேசானின் வாடகைக் கணினி) பிஎஸ்க்யூஎல் என்ற போஸ்ட்கிரஸ் கட்டளைக் கருவியால் இணையுங்கள். போஸ்ட்கிரஸ் 15 முதல் ஆர்டிஎஸ் குறியாக்கம் இல்லாத இணைப்பை இயல்பாகவே ஏற்பதில்லை. அமேசான் வெளியிட்டிருக்கும் சான்றிதழ்த் தொகுப்பை இறக்கி, முழுச் சரிபார்ப்போடு இணைவது சரியான முறை.

தலைமைப் பயனர் என்று உங்களுக்குத் தரப்படுபவர் போஸ்ட்கிரஸின் முழு அதிகாரம் பெற்றவர் அல்லர். அந்த அதிகாரத்தை நிறுவனம் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. அந்தக் குறைந்த அதிகாரமே ஒரு செயலிக்கு மிக அதிகம். அட்டவணைகளைப் படிக்கவும் எழுதவும் மட்டும் உரிமையுள்ள ஒரு பயனரைச் செயலிக்கும், படிக்க மட்டும் உரிமையுள்ள மற்றொருவரை அறிக்கைகளுக்கும் உருவாக்குங்கள். அட்டவணையையே நீக்கும் உரிமை செயலியிடம் இல்லாவிட்டால், காப்புநகலைத் தேட வேண்டிய நாள்களில் சில தானாகவே குறைந்துவிடும்.

6. வேண்டுமென்றே ஒரு விபத்து

இப்போது ஆர்டர்கள் என்ற அட்டவணையை உருவாக்கி, ஆயிரம் போலி வரிகளை ஏற்றுங்கள். அரை மணி நேரம் கழித்து, கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு, எல்லா வரிகளையும் அழித்துவிடுங்கள். காலை 11.42 என்று வைத்துக்கொள்வோம். இனி அதை 11.41-க்கு மீட்க வேண்டும்.

கன்சோலில் தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுத்து, செயல்கள் பட்டியலில் குறித்த நேரத்துக்கு மீட்கும் தேர்வை அழுத்துங்கள். மீட்கக்கூடிய மிக அண்மைய நேரம் அங்கே தெரியும். வழக்கமாக அது கடைசி ஐந்து நிமிடத்துக்குள் இருக்கும். 11.42-க்குப் பிந்திய நேரம் அங்கே தோன்றும்வரை காத்திருங்கள். கன்சோல் உங்கள் கணினியின் நேரத்தைக் காட்டும், கட்டளை வரியோ உலகப் பொது நேரத்தை எதிர்பார்க்கும், அங்கே 11.41 என்பது 06.11 ஆகும். பதற்றமான வேளையில் இந்தக் கழித்தல் கணக்கு தப்பாகப் போவது மிக எளிது என்பதால், இதைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

மீட்பு எப்போதும் புதிய தரவுத்தளமாகத்தான் வரும். பழையதன் மேலேயே எழுதும் வழி ஆர்டிஎஸ்ஸில் இல்லை. முதலில் இது குறையாகத் தோன்றும். ஆனால் தவறான நேரத்தைக் கொடுத்துவிட்டாலும் பழையது அப்படியே இருக்கிறது, இன்னொரு முறை முயலலாம் என்று உணரும்போது இதன் அருமை தெரியும். புதியதற்குப் பெயர் கேட்கும் பக்கத்தில்தான் உங்கள் செக்யூரிட்டி குரூப், பாராமீட்டர் குழு, மல்டி ஏஇசட் ஆகியவற்றை நீங்களே சரிபார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். விட்டுவிட்டால் இயல்பானவை ஒட்டிக்கொள்ளும். என் முதல் ஒத்திகையில், மீட்ட தரவுத்தளம் அரை மணி நேரமாக இணைய மறுத்தது. பதிவேடுகள், சான்றிதழ், கடவுச்சொல் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட பிறகே, செக்யூரிட்டி குரூப்பைத் தேர்ந்தெடுக்க நான் மறந்தது தெரிந்தது. உண்மையான விபத்தில் அந்த அரை மணி நேரம் கடையின் அரை மணி நேரம்.

தரவுத்தளம் தயாரானதாகக் காட்டியதும் இணைந்து, ஆயிரம் வரிகளும் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். கடைசி ஆர்டரின் நேரம் 11.41-க்கு முன் நிற்கிறதா என்று பாருங்கள். மீட்ட வட்டின் தரவு முழுவதும் உடனே அங்கே வந்துவிடுவதில்லை. எஸ்3-இலிருந்து பின்னணியில் வந்துகொண்டே இருக்கும்; இன்னும் வந்து சேராத பகுதியை ஒரு வினவல் தொட்டால் அது அப்போதே இழுக்கப்படும். எனவே பெரிய தரவுத்தளங்களில், மீட்ட முதல் சில மணி நேரம் எல்லாமே மந்தமாக இருக்கும். முக்கியமான அட்டவணைகளை முழுமையாக ஒருமுறை படிக்கும் வினவல்களை முதலில் ஓட்டிவிட்டுச் செயலியைத் திறப்பது நல்லது.

முழு மாற்றத்தையும் ஒத்திகை பாருங்கள். பழைய தரவுத்தளத்தின் பெயரை வேறொன்றாக மாற்றி, புதியதற்குப் பழைய பெயரைச் சூட்டினால், முகவரி பெயரிலிருந்தே உருவாவதால், செயலியின் அமைப்புக் கோப்பைத் தொடாமலே இணைப்பு புதிய இடத்துக்குச் சென்றுவிடும். நடுவில் செயலியை நிறுத்தி வைக்க மறக்காதீர்கள். மீட்கும் முடிவை எடுத்த நொடியிலிருந்து செயலி மறுபடி ஆர்டர் வாங்கும் நொடி வரை எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எழுதி வையுங்கள். முதலாளியிடம் கேட்ட இரண்டாவது கேள்விக்கான நேர்மையான விடை அதுதான். தரவு வளர வளர அந்த எண்ணும் வளரும்.

இந்த ஒத்திகை அவசியமா என்று ஐயப்படுபவர்களுக்கு 2017 ஜனவரி 31-ஆம் நாள் நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததைச் சொல்வேன். பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுக் கோப்பகத்தை நீக்கிவிட்டார். நகல்களைத் தேடியபோது, பிஜி டம்ப் என்ற போஸ்ட்கிரஸ் நகலெடுக்கும் கருவியின் தினசரி நகல்கள் இருக்க வேண்டிய எஸ்3 பெட்டி காலியாக இருந்தது. சர்வர் 9.6 பதிப்பில் ஓட, நகலெடுக்கும் கருவி 9.2 பதிப்பாக இருந்ததால் நகல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் ஏற்கப்படாமல் திரும்பியிருந்தன. சோதனைச் சூழலுக்காகச் சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் தற்செயலாக எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட்தான் அவர்களைக் காப்பாற்றியது. நடந்த அனைத்தையும் அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதி வெளியிட்டது. அந்தப் பெருந்தன்மையால்தான் நாம் இதைப் படித்துக்கொள்ள முடிகிறது.

7. ஓர் அட்டவணை மட்டும் கெட்டுப்போனால்

மேலே சொன்ன முழு மாற்றம் பாடநூல் விபத்துக்கு உரியது. நடைமுறையில் அதிகம் வருவது வேறு: காலை 11.42-க்கு ஆர்டர்கள் அட்டவணையில் முந்நூறு வரிகள் அழிந்தன, மாலை 4 மணிக்குத்தான் தெரிந்தது, இடையில் இருநூறு புதிய ஆர்டர்கள் வந்துவிட்டன. முழுத் தரவுத்தளத்தையும் 11.41-க்குத் திருப்பினால் அந்த இருநூறும் போய்விடும். இங்கே செய்ய வேண்டியது ஒட்டுவேலை.

11.41-க்கு ஒரு புதிய தரவுத்தளத்தை மீட்டுக்கொள்ளுங்கள். அது எப்படியும் தூக்கியெறியப் போகும் பிரதி என்பதால் அதில் தயங்காமல் மாற்றங்கள் செய்யலாம். அதில் மீட்பு என்ற பெயரில் ஒரு ஸ்கீமாவை (அட்டவணைகளுக்கான தனிப் பிரிவு) உருவாக்கி, ஆர்டர்கள் அட்டவணையின் தேவையான வரிகளை மட்டும் தேர்ந்தெடுத்து அந்த ஸ்கீமாவுக்குள் ஒரு புதிய அட்டவணையாக எழுதுங்கள். இப்படி உருவாகும் அட்டவணையில் வெளிச்சாவிகளோ (அட்டவணைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் விதிகள்) ட்ரிக்கர்களோ (மாற்றம் நடந்ததும் தானாக ஓடும் நிரல்கள்) இருக்காது. அதுதான் நமக்கு வேண்டும். பிறகு அந்த ஸ்கீமாவை மட்டும் பிஜி டம்ப் கருவியால் எடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தில் ஏற்றுங்கள். பெயர் வேறாக இருப்பதால் உண்மையான அட்டவணையோடு மோதாது.

இப்போது இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன. மீட்பு ஸ்கீமாவில் உள்ள, ஆனால் உண்மையான அட்டவணையில் இல்லாத வரிகள் எவை என்று ஒரு வினவலால் பட்டியலிட்டு, எண்ணிக்கை முந்நூறுதானா என்று பாருங்கள். வேறு எண் வந்தால் நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள், 11.41-க்குப் பிறகு வாடிக்கையாளர்களே முறையாக ரத்து செய்த ஆர்டர்களும் அந்தப் பட்டியலில் கலந்திருக்கலாம். ஆர்டர் அழிந்தபோது அதைச் சார்ந்த பொருள் வரிகளும் சேர்ந்து அழிந்திருந்தால், அவற்றையும் இதே வழியில் கொண்டுவர வேண்டும். தாய் அட்டவணை முதலில், சேய் அட்டவணை பிறகு. எல்லாவற்றையும் ஒரே பரிவர்த்தனைக்குள் செய்து, எண்ணிக்கை பொருந்திய பிறகே உறுதிப்படுத்துங்கள்.

ஒரு கடைசிப் பொறி உண்டு. ஆர்டர்கள் அட்டவணையில் புதிய வரி சேர்ந்தால் வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் ட்ரிக்கர் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். இருந்தால், முந்நூறு பேருக்கு "உங்கள் ஆர்டர் பதிவாகிவிட்டது" என்று மறுபடி செய்தி போய், தொலைபேசி ஓயாது. அந்த ட்ரிக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு ஏற்ற வேண்டும்.

8. வேறு கையிலும் ஒரு நகல்

தானியங்கி நகல்கள் தரவுத்தளத்தோடு பிறந்து அதோடு வாழ்பவை. தரவுத்தளத்தை நீக்கும்போது அவற்றைத் தக்கவைக்கும்படி நீங்கள் சொல்லாவிட்டால் அவையும் நீங்கிவிடும். தக்கவைத்தாலும் குறித்த நாள் வந்ததும் காலாவதியாகும். நீங்களே எடுக்கும் ஸ்னாப்ஷாட்டோ, நீங்களே நீக்கும்வரை இருக்கும். பதிப்பு உயர்த்துவதற்கு முன்பும், அட்டவணை அமைப்பைப் பெரிதாக மாற்றுவதற்கு முன்பும் ஒன்று எடுப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இவை அனைத்தும் ஒரே கணக்குக்குள் இருப்பது அடுத்த ஆபத்து. 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் ஏடபிள்யூஎஸ் கன்சோலுக்குள் புகுந்த ஒருவர் பணம் கேட்டு மிரட்டி, நிறுவனம் கட்டுப்பாட்டை மீட்க முயன்றபோது ஸ்னாப்ஷாட்களையும் எஸ்3 பெட்டிகளையும் அழித்துத் தள்ளினார். தரவும் அதன் நகல்களும் ஒரே சாவிக்குள் இருந்ததால் அந்த நிறுவனம் அத்தோடு மூடப்பட்டது.

எனவே இரண்டாவது ஏடபிள்யூஎஸ் கணக்கு ஒன்றைத் திறந்து, அதன் கடவுச்சொல்லை வேறொருவரிடம் கொடுங்கள். முதல் கணக்கில் தானியங்கி ஸ்னாப்ஷாட் ஒன்றைக் கைமுறை ஸ்னாப்ஷாட்டாக நகலெடுத்து, அதையும் மூன்றாவது படியில் நீங்கள் உருவாக்கிய சாவியையும் இரண்டாவது கணக்கோடு பகிருங்கள். இரண்டாவது கணக்கில் அதை அந்தக் கணக்கின் சொந்தச் சாவியால் மறுபடி நகலெடுக்க வேண்டும். பகிர்ந்ததோடு நிறுத்திவிட்டால், முதல் கணக்கில் மூலம் அழியும்போது இங்கே ஒன்றும் மிஞ்சாது. ஏடபிள்யூஎஸ் பேக்கப் சேவையின் மூலம் இதைத் தானியங்கியாக்கலாம். கெடு முடியும்வரை நகலை அழிக்க முடியாதபடி பெட்டகத்தைப் பூட்டும் வசதியும் அதில் உண்டு.

ஆர்டிஎஸ் ஸ்னாப்ஷாட்டை ஒரு கோப்பாக இறக்கி உங்கள் அலமாரியில் வைக்க முடியாது. எஸ்3-க்கு ஏற்றுமதி செய்யும் வசதி பார்க்கே என்ற கோப்பு வடிவத்தில் தருவது பகுப்பாய்வுக்கானது. அதிலிருந்து தரவுத்தளத்தை மீட்க இயலாது. கையில் ஒரு நகல் வேண்டுமென்றால் பிஜி டம்ப்தான் வழி. அந்தக் கருவியின் பெரும்பதிப்பு சர்வரின் பதிப்புக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்க வேண்டும். கஸ்டம் வடிவத்தில் எடுத்தால் மீட்கும்போது வேண்டிய அட்டவணையை மட்டும் பிரித்தெடுக்கலாம். பயனர்களும் அவர்களின் பொறுப்புகளும் அந்தக் கோப்பில் வராது; அவற்றை பிஜி டம்ப் ஆல் கருவியால், கடவுச்சொற்கள் வேண்டாம் என்ற தேர்வோடு தனியாக எடுக்க வேண்டும்.

தமிழ்ப் பெயர்களும் முகவரிகளும் உள்ள தரவுத்தளத்தை விண்டோஸ் கணினியிலிருந்து நகலெடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. விண்டோஸோடு வரும் பழைய பவர்ஷெல்லில் வெளியீட்டை அம்புக்குறியால் கோப்புக்குத் திருப்பினால், அது எழுத்துக் குறியேற்றத்தை மாற்றி எழுதுகிறது. தமிழ் எழுத்துகள் சிதைந்துபோகின்றன. கோப்பின் பெயரைக் கருவியின் தேர்வாகவே கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. எப்படியாயினும், மீட்ட பிறகு ஒரு தமிழ்ப் பெயரைத் தேடிப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

9. செலவும் கண்காணிப்பும் சுத்தமும்

ஒரு பகுதியில் உங்கள் தரவுத்தளங்களுக்கு ஒதுக்கிய மொத்தச் சேமிப்பிடத்தின் அளவுக்குக் காப்புநகல் இடம் கட்டணமின்றிக் கிடைக்கும். 20 ஜிபி தரவுத்தளத்துக்கு 20 ஜிபி நகல் வரை பில் வராது. முதல் ஸ்னாப்ஷாட் முழுமையானது, அடுத்தடுத்தவை மாறியவற்றை மட்டும் சேர்ப்பவை என்பதால், மாற்றம் குறைந்த சிறிய தரவுத்தளத்துக்கு 35 நாள் வைத்தாலும் செலவு பெரிதாக ஏறாது.

ஆர்டிஎஸ் நிகழ்வுச் சந்தாவில் காப்புநகல், தோல்வி, சேமிப்பிடக் குறைவு ஆகிய வகைகளைத் தேர்ந்தெடுத்து, ஒருவரின் தனிப்பட்ட முகவரிக்குப் பதிலாகக் குழுவின் பொது மின்னஞ்சலுக்கு அறிவிப்பு வருமாறு அமையுங்கள். மீட்கக்கூடிய மிக அண்மைய நேரம் இப்போதைய நேரத்திலிருந்து அரை மணி நேரத்துக்கு மேல் பின்தங்கினால் அழைப்பு வருமாறு ஒரு சிறு நிரலும் எழுதி வைக்கலாம். போஸ்ட்கிரஸ் பதிவேடுகள் இயல்பாக மூன்று நாளே இருக்கும் என்பதால், அவற்றைச் சேர்த்து வைக்கும் கிளவுட்வாட்ச் என்ற அமேசான் சேவைக்கு அனுப்பும் தேர்வையும் இயக்கிவிடுங்கள்.

பயிற்சிக்கு எழுப்பிய தரவுத்தளங்களை மறக்காமல் நீக்குங்கள். நிறுத்தி வைத்தால் போதும் என்று விட்டுவிட்டால், ஏழு நாள் கழித்து ஆர்டிஎஸ் அதைத் தானே மறுபடி இயக்கிவிடும்; நிறுத்தி வைத்திருந்த நாள்களிலும் சேமிப்பிடக் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும். நீக்கும் பக்கத்தில் கடைசி ஸ்னாப்ஷாட் வேண்டுமா என்று கேட்கும்போது, பயிற்சித் தரவுத்தளம் என்றால் வேண்டாம் என்றும், உண்மையானது என்றால் வேண்டும் என்றும் சொல்லுங்கள். நீக்குவதற்கு முன் பெயரை இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள்: பெயர் மாற்றும் ஒத்திகைக்குப் பிறகு, எது பழையது, எது புதியது என்பது பட்டியலில் தலைகீழாக மாறியிருக்கும்.